கோழி முட்டையிட்ட தேனீப் பெட்டி

2019 ஆம் ஆண்டின் கடைசியில், ஒட்டுசுட்டான் பக்கமுள்ள ஒரு கிராமத்துக்கு வாழ்வாதார உதவிகளின் நிலையைப் பார்த்துவரப் போயிருந்தேன். அதற்கு ஒரு வருடம் முன்பு அங்கே பன்னிரண்டு குடும்பங்களுக்குத் தேனீப் பெட்டிகள் வழங்கப்பட்டிருந்தன. பன்னிரண்டும் பெண்களைத் தலைவர்களாகக் கொண்ட குடும்பங்கள். முதலாவது வீட்டில் பெட்டியையே காணவில்லை. இரண்டாவது வீட்டில் அதன்மேல் தண்ணீர்க் குடம் இருந்தது. மூன்றாவது வீட்டில் பெட்டிக்குள் வைக்கோல் போட்டு ஒரு கோழி அடைகிடந்தது.

"குறை நினைக்காதேங்கோ தங்கச்சி. பூச்சி வரேல்லை. இப்ப கோழிக்கெண்டாலும் உதவுது" என்றார் அந்த வீட்டு அக்கா.

குறை நினைக்க எனக்கு என்ன தகுதி இருந்தது? பெட்டி கொடுத்த திட்டத்தின் பயனாளிகள் பட்டியலைத் தயாரித்தவள் நான்தான். சமூகவியல் பட்டப்படிப்பில் மக்கள் பங்கேற்பு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிச் சித்தி பெற்றவள். அப்படியிருந்தும், "அக்கா, இந்தப் பெட்டியை ஒருக்கால் தூக்கிப் பாருங்கோ" என்று பன்னிரண்டு பேரில் ஒருவரிடமும் நான் கேட்கவில்லை.

அந்த அக்காவால் அதைத் தூக்க முடியாது. 2009 இல் மாத்தளனில் ஷெல் துண்டு பட்டு அவருடைய இடது கை பலமிழந்துவிட்டது. அதே வருடம் மே மாதத்துக்குப் பிறகு கணவரைப் பற்றிய தகவலும் இல்லை. அவர் இருந்த காலத்தில் காட்டுக்குப் போய் மரப்பொந்துகளில் தேன் எடுத்து வருபவர். "எனக்குத் தேன் தெரியும், பெட்டிதான் தெரியாது" என்று அக்கா சொன்னபோதுதான் நாங்கள் இருவரும் கோழியை இறக்கிவிட்டு அந்தப் பெட்டியைச் சரியாகப் பார்த்தோம்.

அது ஒரே அறையாகச் செய்யப்பட்ட, ஆழமான, பாரமான பெட்டி. குஞ்சும் தேனும் ஒரே வதையில் இருக்கும். தேன் எடுப்பதென்றால் முழுக் குடும்பத்தையும் கலைக்க வேண்டும். தேன் நிறைந்தால் இரண்டு ஆண்கள் பிடித்தாலும் கஷ்டம்.

தேனீயின் வழக்கத்தைத் தெரிந்துகொண்டால் இதை எப்படித் திருத்துவது என்பது விளங்கும். எங்கள் ஊர்களில் பெட்டியில் வைக்கக்கூடியது, மரப்பொந்திலும் புற்றிலும் இருட்டில் பல தேன்வதைகளை வரிசையாகக் கட்டும் தேனீ. உயரமான கிளைகளில் ஒரே பெரிய வதையாகத் தொங்கவிடும் பெரிய தேனீயும், பற்றைகளில் கையளவு வதை கட்டும் சின்னத் தேனீயும் வெளிச்சத்தில் வாழ்பவை. அவற்றைப் பெட்டிக்குள் அடைக்க முடியாது. பொந்துத் தேனீ தன் வதையின் கீழ்ப்பகுதியில் குஞ்சு வளர்க்கும், மேற்பகுதியில் தேனைச் சேர்க்கும். ஆகவே பெட்டியையும் கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை என்று பிரித்துவிட்டால், கீழே இராணியும் குஞ்சுகளும் இருக்க, மேலே உள்ள தேனை மட்டும் எடுக்கலாம். தென்னிந்தியாவில் 1911 தொடக்கம் 1917 வரை கிராம மக்களுக்குத் தேனீ வளர்ப்புப் பழக்கிய அருட்தந்தை நியூட்டன் என்பவர் இந்தத் தேனீக்கென்றே இப்படி ஒரு சிறிய பெட்டியை அமைத்தார். நியூட்டன் பெட்டி என்ற பெயரில் இலங்கையிலும் அதுவே பெரும்பாலும் பாவனையில் இருக்கிறது.

அக்காவும் நானும் அந்த அளவைத்தான் எடுத்தோம். கீழறையில் ஏழு சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்தின் உட்பக்கம் 20.6 செ.மீ. நீளம், 14.4 செ.மீ. உயரம். தேனறைச் சட்டங்களுக்கு அதே நீளம், உயரம் மட்டும் 6.2 செ.மீ. பெட்டியைச் செய்துவிட்டுச் சட்டத்தை அதற்குள் திணிக்கப் பார்ப்பதுதான் பலரும் விடும் பிழை. முதலில் ஏழு சட்டங்களையும் செய்யுங்கள். அவற்றை அடுக்கி வைத்து, அதற்கேற்பப் பெட்டியைச் செய்யுங்கள். எங்கள் பெட்டியின் உள்நீளம் 24 செ.மீ. அளவிலும், உள்ளகலம் 22 செ.மீ. அளவிலும் வந்தது.

இதில் விட்டுக்கொடுக்க முடியாத அளவு ஒன்று இருக்கிறது. சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலும், சட்டத்துக்கும் சட்டத்துக்கும் இடையிலும் 8 மில்லிமீற்றர் அளவில் இடைவெளி வேண்டும். அது தேனீ நடந்து போகும் ஒழுங்கை. அதைவிடக் குறைந்தால் தேனீயால் அதனூடாக நடந்து போக முடியாது. கூடினால் அங்கேயும் வதை கட்டிவிடும், பிறகு சட்டத்தை வெளியே எடுக்க முடியாது. எங்களுக்குப் பெட்டி செய்து தந்த தச்சுக்காரர், "பூச்சிக்கு என்ன மில்லிமீற்றர் கணக்கு?" என்று சிரித்தார். அக்கா விடவில்லை. 8 மில்லிமீற்றர் தடிப்புள்ள மரக்குச்சி ஒன்றைச் சீவி அவர் கையில் கொடுத்து, ஒவ்வோர் இடைவெளியிலும் அதை விட்டுப் பார்க்கச் சொன்னார். இரண்டாவது பெட்டியை அக்காவே ஆணி அடித்தார். பலகையைப் பிடித்துக் கொடுத்தது மகள்.

பலகை நன்றாகக் காய்ந்ததாகவும் கடும் மணம் இல்லாததாகவும் இருக்க வேண்டும். மலைவேம்பு பாரம் குறைந்தது. உட்பக்கம் வர்ணம் பூசவே கூடாது. அடிப்பலகையின் முன்பக்கம் சற்று வெளியே நீண்டிருந்தால் தேனீ வந்திறங்க வசதி. வாசல் 9 செ.மீ. நீளமும் 1 செ.மீ. இற்குக் குறைந்த உயரமும் இருந்தால் போதும். ஒவ்வொரு சட்டத்தின் மேற்கட்டையின் அடியிலும் தேன்மெழுகை உருக்கி ஒரு கோடு இழுத்துவிடுங்கள், அந்தக் கோட்டைப் பிடித்து வதையை நேராகக் கட்டும். தேன் நிறைந்த ஒரு தேனறை ஒரு குடம் தண்ணீரைவிடப் பாரம் குறைந்தது. அக்கா அதை வலது கையால் அணைத்து, இடது முழங்கையில் தாங்கித் தனியாகவே இறக்குவார்.

பெட்டியை நிழலில், பிள்ளைகள் ஓடித்திரியும் பாதையை விட்டுத் தள்ளி, வாசல் வேலிப்பக்கம் பார்க்க வையுங்கள். நான்கு கால்களின் கீழும் பழைய பால்மாப் பேணிகளில் தண்ணீர் விட்டு வைத்தால் எறும்பு ஏறாது. தண்ணீர் வற்றாமல் பார்க்க வேண்டும்.

தேனீக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. மண்முட்டி ஒன்றின் உள்ளே தேன்மெழுகைத் தேய்த்து, வாயை மூடி, ஒரு சிறு துவாரம் விட்டு, காட்டோர மரத்தில் நிழலாகக் கட்டிவிட்டால், பிரிந்து வரும் கூட்டம் அதில் குடிபுகும். எங்கள் முன்னோர் முட்டியிலேயே தேனீ வளர்த்தவர்கள்தான். ஆனால் காட்டுக்குள் போகாதீர்கள். கண்ணிவெடி அகற்றி முடித்ததாக உறுதியாகத் தெரிந்த இடத்தில், வளவோரத்திலேயே கட்டுங்கள்.

முட்டியிலிருந்து பெட்டிக்கு மாற்றுவது மம்மல் நேரத்து வேலை. தொப்பிக்கு மேல் பழைய நுளம்பு வலையைப் போட்டு, பொச்சுப் புகையை மெதுவாக ஊதுங்கள். குஞ்சு உள்ள வதைகளை வெட்டி, மேல் கீழ் மாறாமல் சட்டத்தில் வைத்து வாழைநாரால் கட்டுங்கள். தேன் வதையைக் கட்ட வேண்டாம், அது பாரத்தால் கழன்று விழும். இராணி உள்ளே வந்துவிட்டால் மற்றவை தாமாகவே வரும். அன்றிரவே சீனியும் தண்ணீரும் சம அளவில் கலந்து ஒரு சிரட்டையில் உள்ளே வையுங்கள். தேனீ மூழ்காமலிருக்க இரண்டு மூன்று ஈர்க்குத் துண்டுகளை அதில் மிதக்க விடுங்கள்.

கொட்டு வாங்காமல் யாரும் தேனீ வளர்த்ததில்லை. முள்ளைப் பிடித்து இழுக்காமல் நகத்தால் சுரண்டி எடுத்து, அந்த இடத்தைக் கழுவுங்கள். கொட்டிய இடத்தின் மணத்துக்கு மற்றவையும் வரும். யாருக்காவது மூச்சு முட்டினாலோ முகமும் தொண்டையும் வீங்கினாலோ கைமருந்து பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். முன்பு அப்படி நடந்தவர்கள் இந்தத் தொழிலைத் தொடவே கூடாது.

2020 பெப்ரவரியில் முதலாவது கூட்டத்தைப் பெட்டியில் விட்டோம். அது பன்னிரண்டே நாள்தான் இருந்தது. காரணம் நான். இந்த முறை எதையும் விடக்கூடாது என்று மூன்று நாளைக்கு ஒருமுறை போய், மூடியைத் திறந்து, சட்டத்தைத் தூக்கி, படம் எடுத்து வந்தேன். இந்தத் தேனீ வெட்கம் கூடியது. தொந்தரவு தாங்காவிட்டால் முழுக் குடும்பமும் ஒரே பகலில் எழுந்து போய்விடும். நான் நான்காவது முறை போனபோது பெட்டி சத்தமில்லாமல் இருந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது, என்னால் போக முடியவில்லை. ஏப்ரலில் அக்கா தனியே இன்னொரு கூட்டத்தை முட்டியில் பிடித்து மாற்றியிருக்கிறார். தொலைபேசியில், "தங்கச்சி, நீங்கள் வராதபடியா இருக்குதுகள்" என்றார். பகிடியாகச் சொன்னாரோ, உண்மையாகத்தான் சொன்னாரோ! அவர் வாசலில் நின்று பார்ப்பதோடு சரி. கால்களில் மஞ்சள் மகரந்தத்தோடு வந்தால் உள்ளே குஞ்சு இருக்கிறது என்று கணக்கு. பத்து நாளைக்கு ஒருமுறை மட்டும் திறந்து அடிப்பலகையைத் துடைப்பார். வதையில் சிலந்திநூல் போலப் பின்னல் தெரிந்தால் அது மெழுகுப் புழு, அந்தத் துண்டை வெட்டி எரித்துவிட வேண்டும். கீழறையின் ஏழு சட்டமும் தேனீயால் மூடப்பட்ட பிறகுதான் தேனறையை மேலே வைத்தார். முருங்கை, வேம்பு, தென்னை, பக்கத்துத் தோட்டத்து எள்ளு எல்லாம் பூத்திருந்தன. தோட்டக்காரரிடம் போய், மருந்து அடிப்பதானால் தேனீ அடங்கிய பிறகு பின்னேரத்தில் அடிக்கும்படி கேட்டு வைத்ததும் அவரேதான்.

ஆகஸ்டில் முதல் தேன். வதையின் கண்ணறைகளில் முக்கால்வாசிக்கு மேல் மெழுகால் மூடியிருந்தால்தான் தேன் முற்றியது என்று அர்த்தம். மூடாத தேனில் தண்ணீர் அதிகம், புளித்துவிடும். தேன் சுழற்றும் இயந்திரம் இருந்தால் வதை உடையாது, திரும்ப வைக்கலாம். எங்களிடம் அது இல்லை. வெட்டி, ஈரமில்லாத சட்டியில், சுத்தமான துணியில் தானாக வடிய விட்டோம். இரண்டு போத்தலுக்குச் சற்றுக் குறைவு.

செப்ரெம்பரில் இன்னொரு தேனறை நிறைந்தது. மாத முடிவில் அறிக்கை கொடுக்க வேண்டும், நான்கு போத்தல் என்று எழுத எனக்கு ஆசை. எடுப்போமா என்று கேட்டேன்.

"மாரிக்கு அதுகள் எதைத் தின்னுறது?" என்றார். "இவர் காட்டுக்குப் போனாலும் பொந்திலை ஒரு துண்டு விட்டிட்டுத்தான் வருவார். முழுக்க வழிச்சால் அடுத்த வருசம் அந்தப் பொந்திலை ஒண்டும் இராது."

கணவரைப் பற்றி அவர் 'போவார், வருவார்' என்றே பேசுவார். நான் திருத்துவதில்லை. அறிக்கையில் இரண்டு போத்தல் என்று எழுதினேன்.

அவர் சொன்னதன் பெறுமதி எனக்கு 2022 இல் தெரிந்தது. பொருளாதார நெருக்கடியில் சீனி விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, தேனை முழுக்க வழித்தெடுத்திருந்த இரண்டு வீடுகளில் மழைக்காலத்துக்குச் சீனிப்பாகு வைக்க வழியில்லாமல் கூட்டங்கள் போய்விட்டன. அக்காவின் பெட்டிகள் மூன்றும் தாமே சேர்த்த தேனில் மாரியைத் தாண்டின.

வருமானத்தைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெட்டியை நம்பி ஒரு வீட்டை நடத்த முடியாது. நல்ல வருடத்தில் சில போத்தல்கள், கெட்ட வருடத்தில் ஒன்றுமில்லை. கூலி வேலையை விடச் சொல்லி யாராவது பெட்டி தந்தால் நம்பாதீர்கள். ஆனால் பிள்ளைகளை விட்டு வெளியே போகாமல், வேலையின் நடுவே பார்த்துக்கொள்ளக்கூடிய காசு இது. அக்கா தேன் விற்ற காசைத் தனியாக ஒரு பேணியில் போட்டு வைத்து, மகளின் பாடசாலைச் செலவுக்கு மட்டும் எடுக்கிறார். விற்பதற்கு விளம்பரமும் தேவைப்படவில்லை. நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்ப்பது, தண்ணீரில் விட்டுப் பார்ப்பது என்று சனம் செய்யும் சோதனைகள் ஒன்றும் நம்பத்தகுந்தவை அல்ல. வாங்க வருபவர்களுக்கு அக்கா பெட்டியைக் காட்டுவார். அதோடு, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்றும் சொல்லித்தான் விடுவார். பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தடவும் வழக்கம் எங்களிடம் உண்டு. கடும் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துக்கள் சுத்தமான தேனிலும் இருக்கலாம், பச்சைக் குழந்தையின் குடல் அதைத் தாங்காது. இதனால் ஒன்றிரண்டு போத்தல் விலைபோகாமல் நின்றதும் உண்டு.

இப்போது அவரிடம் ஐந்து பெட்டிகள் இருக்கின்றன. பழைய பன்னிரண்டு பேரில் நால்வர் அவரிடம் வந்து அளவு எடுத்துப் போய்ச் செய்திருக்கிறார்கள். 8 மில்லிமீற்றர் குச்சி வீடு வீடாகப் போய் வருகிறது. நாங்கள் கொடுத்த பெரிய பெட்டி இன்னும் அக்காவின் வேலியோரம்தான் இருக்கிறது. கோழி மட்டும் மாறிவிட்டது.