அக்ரிங்டன் ஸ்டான்லி: ஒரு கடிதம் கவிழ்த்த கிளப்

இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஷயர் பகுதியில் இருக்கும் சிற்றூர் அக்ரிங்டன். மக்கள்தொகை 35,000-ஐ ஒட்டியது. பருத்தி ஆலைகள், அந்த ஆலைகளுக்கு நூற்பு இயந்திரம் செய்துகொடுத்த ஹோவர்ட் அண்ட் புல்லோ தொழிற்சாலை, 'நோரி' என்ற பெயரில் விற்பனையான கெட்டிச் செங்கல் ஆகியவைதான் ஒரு காலத்தில் ஊருக்குச் சோறு போட்டன. அந்தக் காலம் பழங்கதையாகிவிட்ட பிறகும் ஊரின் பெயரை வெளியே கொண்டுசெல்வது அக்ரிங்டன் ஸ்டான்லி என்ற கால்பந்து கிளப்.

அந்த கிளப்பின் பணக்கஷ்டத்துக்குப் பாதிக் காரணம் வரைபடத்திலேயே இருக்கிறது. மேற்கே 8 கிலோமீட்டரில் பிளாக்பர்ன், கிழக்கே 10 கிலோமீட்டரில் பர்ன்லி. பர்ன்லி 1960-இல் இங்கிலாந்தின் லீக் சாம்பியன். பிளாக்பர்ன் ரோவர்ஸ் 1995-இல் பிரீமியர் லீக் கோப்பையையே வென்றது. சனிக்கிழமை மதியம் கையில் காசும் கால்பந்து ஆசையும் உள்ள அக்ரிங்டன்வாசி பஸ் ஏறினால், கொஞ்ச நேரத்தில் நாட்டின் பெரிய ஆட்டக்காரர்களைப் பார்த்துவிடலாம். உள்ளூர் மைதானத்தில் ஆள் சேராததில் வியப்பில்லை.

ஊரின் கால்பந்து வரலாறு வேறொரு கிளப்பிலிருந்து தொடங்குகிறது. 1888-இல் உலகின் முதல் கால்பந்து லீக் உருவானபோது அதில் சேர்ந்த 12 கிளப்புகளில் 'அக்ரிங்டன்' ஒன்று. ஐந்தே ஆண்டுகளில், 1893-இல், அது லீக்கை விட்டு வெளியேறியது. சில ஆண்டுகளில் இல்லாமலே போனது. ஸ்டான்லி தெருவைச் சுற்றியிருந்தவர்கள் 1891-இல் 'ஸ்டான்லி வில்லா' என்றொரு அணியைத் தொடங்கியிருந்தார்கள். பழைய கிளப் ஒதுங்கிய பின் இந்தத் தெரு அணி ஊர்ப்பெயரையும் சேர்த்துக்கொண்டது. லீக்கின் ஸ்தாபக உறுப்பினர் என்ற பெருமை ஸ்டான்லிக்கு உரியதல்ல என்பது ஊருக்கு வெளியே பலருக்கும் தெரியாது.

ஸ்டான்லி லீக்கில் நுழைந்தது 1921-இல், வடக்குப் பகுதிக்கென்று மூன்றாம் டிவிஷன் தொடங்கப்பட்டபோது. அடுத்த முப்பது ஆண்டுகளில் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. 1950-களின் நடுவில்தான் காற்று மாறியது. மேலாளர் வால்டர் கால்பிரெய்த் தம் சொந்த நாடான ஸ்காட்லாந்திலிருந்து ஆட்டக்காரர்களை வரிசையாகக் கூட்டிவந்தார். 1955-இல் களமிறங்கிய 11 பேருமே ஸ்காட்லாந்தில் பிறந்தவர்களாக இருந்த ஆட்டம்கூட உண்டு. அணி நன்றாகவே ஆடியது. 1955-இலும் 1958-இலும் இரண்டாமிடம். ஆனால் அந்த டிவிஷனிலிருந்து முதலிடம் பிடித்த ஓர் அணிக்குத்தான் மேலே போக இடம். இரண்டாவதாக வந்தவனுக்குக் கைதட்டல் மட்டுமே.

1958-இல் வடக்கு, தெற்கு என்ற பிரிவினை நீங்கி, நாடு முழுவதற்குமான மூன்றாம், நான்காம் டிவிஷன்கள் வந்தன. பயணச் செலவு கூடியது. அதே ஆண்டு நிர்வாகம் ஒரு கேலரியை விலைக்கு வாங்கியது. தெற்கே ஆல்டர்ஷாட்டில் ராணுவ அணிவகுப்புகளுக்காகப் போட்டிருந்த கேலரி அது. விலை 1,450 பவுண்டு, மலிவுதான். அதைப் பிரித்து, வண்டியில் ஏற்றி, தன் பீல் பார்க் மைதானத்தில் மறுபடி நிறுத்தி முடிப்பதற்குள் ஆன செலவோ விலையைப் போலப் பல மடங்கு. ஸ்டான்லியின் வீழ்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கேலரியை விட்டுவைப்பதில்லை. அதில் கொஞ்சம் மிகைப்படுத்தலும் உண்டு. வெறும் கேலரியால் எந்தக் கிளப்பும் சாகாது. கூட்டம் குறைந்துகொண்டே போன ஊரில், கூட்டம் வரும் என்று நம்பி இருக்கை போட்டதுதான் கோளாறு.

1960-இல் அணி நான்காம் டிவிஷனுக்கு இறங்கியது. ஆட்டக்காரர்களின் வாரச் சம்பளத்துக்கு இருந்த 20 பவுண்டு உச்சவரம்பு 1961 ஜனவரியில் நீங்கியது. சிறிய கிளப்புகளின் பாடு மேலும் திண்டாட்டமானது. 1962 தொடக்கத்தில் ஸ்டான்லியின் கடன் சுமார் 60,000 பவுண்டு. யோசனை கேட்க நிர்வாகிகள் அழைத்தது பர்ன்லி கிளப்பின் தலைவர் பாப் லார்டை. இறைச்சி வியாபாரி, சொன்னால் சொன்னதுதான் என்ற குணம். கணக்குகளைப் பார்த்தவர், இனிப் பிழைக்க வழியில்லை என்று சொல்லிவிட்டார். மார்ச் 2, வெள்ளிக்கிழமை, க்ரூ அலெக்சாண்ட்ராவிடம் 0-4 என்று தோற்றதே பழைய ஸ்டான்லியின் கடைசி லீக் ஆட்டம். அடுத்த வாரமே லீக்கிலிருந்து விலகுவதாகக் கடிதம் போனது.

கடிதம் போன கையோடு, பணம் தருவதாக உள்ளூரில் சிலர் முன்வந்தார்கள். விலகலைத் திரும்பப் பெறுகிறோம் என்று கிளப் மறுபடி எழுதியது. லீக்கின் செயலாளர் ஆலன் ஹார்டேக்கர் அசையவில்லை. கடிதம் கடிதம்தான். மார்ச் 11 அன்று லீக் நிர்வாகக் குழு விலகலை ஏற்றது. அந்தப் பருவத்தில் ஸ்டான்லி ஆடி முடித்திருந்த 33 ஆட்டங்களும் பதிவேட்டிலிருந்து அடித்து நீக்கப்பட்டன. போட்டியில் இருக்கும் பக்கத்து ஊர் கிளப்பின் தலைவரை ஆலோசனைக்கு அழைத்ததைப் பற்றி அக்ரிங்டனில் நெடுங்காலம் கசப்போடு பேசினார்கள். ஆனால் லார்டைக் குறை சொல்வதைவிட, நான்கு நாள் பொறுக்காமல் கையெழுத்திட்ட நிர்வாகிகளைக் குறை சொல்வதே பொருந்தும். அதைவிடப் பெரிய கடனோடு அதற்குப் பிறகு எத்தனையோ கிளப்புகள் ஆடியிருக்கின்றன.

காலியான இடத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட் தேர்வானது. ஸ்டான்லி சில ஆண்டுகள் லங்காஷயர் காம்பினேஷன் என்ற வட்டாரப் போட்டியில் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்து, 1966-இல் மூடப்பட்டது.

1968-இல் ஊர்க்காரர்கள் ஒரு தொழிலாளர் மன்றத்தில் கூடி, அதே பெயரில் புதிய கிளப் தொடங்குவதென்று முடிவெடுத்தார்கள். 1970-இல் கிரவுன் கிரவுண்ட் என்ற மைதானத்தில் மறுபடி ஆட்டம் தொடங்கியது. லீக்கின் வாசலுக்கு வெகு கீழே, பகுதிநேர ஆட்டக்காரர்களின் உலகம் அது. இங்கிலாந்தில் மேலே உள்ள நான்கு அடுக்குகளில் 92 கிளப்புகள். அதற்குக் கீழே ஏணி போலப் பல அடுக்குகள். 1987 வரை நான்காம் அடுக்குக்குள் புதியவர்கள் நுழைய வேண்டுமானால் உள்ளே இருப்பவர்களின் வாக்கு தேவை. உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்வார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த ஆண்டுதான் கீழ் அடுக்கின் சாம்பியனுக்கு நேரடியாக வாசல் திறந்தது. அந்த மாற்றம் இல்லாமல் ஸ்டான்லியின் மறுவாழ்வு நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இதற்கிடையே 1989-இல் ஒரு பால் விளம்பரம் தொலைக்காட்சியில் ஓடியது. லிவர்பூல் சட்டை போட்ட இரண்டு சிறுவர்கள். ஒருவன் பால் குடிக்கிறான். பால் குடிக்காவிட்டால் அக்ரிங்டன் ஸ்டான்லிக்கு ஆடத்தான் லாயக்கு என்று லிவர்பூலின் நட்சத்திரம் இயன் ரஷ் சொன்னதாகச் சொல்கிறான். மற்றவன், அது யார் என்று கேட்கிறான். கேலிதான். ஆனால் ஏணியின் அடிப்படிகளில் கிடந்த ஒரு கிளப்பின் பெயர் அந்தக் கேலியால் நாடு முழுக்கப் பரவியது. காசு கொடுத்தாலும் கிடைக்காத பிரபலம்.

எழுச்சிக்கு இரண்டு பேர் காரணம். ஒருவர் எரிக் வாலி. ஸ்டான்லிக்காக ஆடியவர், மேலாளராகவும் இருந்தவர், 1995-இல் தலைவராக கிளப்பை ஏற்றவர். இன்னொருவர் அவர் 1999-இல் மேலாளராக நியமித்த ஜான் கோல்மன். லிவர்பூல்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர், சிறிய கிளப்புகளில் கோல்களாக அடித்துக் குவித்த முன்கள ஆட்டக்காரர். உதவியாளர் ஜிம்மி பெல்லோடு சேர்ந்து அவர் அணியை 2000, 2003, 2006 ஆகிய ஆண்டுகளில் மூன்று அடுக்குகள் ஏற்றினார். ஸ்டான்லி முன்பே பிளாக்பூலுக்கு விற்றிருந்த பிரெட் ஆர்மரோடை, அந்த கிளப் 2001-இல் சவுத்தாம்ப்டனுக்குப் பெரிய விலைக்குக் கைமாற்றியது. மறுவிற்பனையில் ஒரு பங்கு என்று முதலிலேயே எழுதிவாங்கியிருந்ததால் ஸ்டான்லிக்கும் பணம் வந்தது. முன்பு ஒரு கடிதம் குழி தோண்டிய கிளப்பை இம்முறை ஒப்பந்தத்தின் ஒரு வரி கைதூக்கிவிட்டது.

44 ஆண்டுகள் கழித்து, 2006-இல், ஸ்டான்லி லீக்குக்குத் திரும்பியது. அதே ஆண்டு லீக்கிலிருந்து கீழே இறங்கிய இரண்டு அணிகளில் ஒன்று, 1962-இல் ஸ்டான்லியின் இடத்துக்கு வந்த ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட்.

லீக்குக்கு வந்ததும் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. 2008 மே மாதம் புரி கிளப்போடு நடந்த ஆட்டத்தில் தங்கள் அணி தோற்கும் என்று பந்தயம் கட்டியதாகச் சில ஆட்டக்காரர்கள் மீது நடவடிக்கை வந்து, அடுத்த ஆண்டு தடையும் விதிக்கப்பட்டது. 2009-இல் வரித்துறை 3 லட்சத்து 8,000 பவுண்டு பாக்கிக்காக கிளப்பையே கலைக்கச் சொல்லி நீதிமன்றம் போனது. ரசிகர்கள் உண்டியல் குலுக்கினார்கள். இல்யாஸ் கான் என்ற முதலீட்டாளர் கைகொடுத்தார். பிரீமியர் லீக் கிளப்புக்கு ஓர் ஆட்டக்காரரின் சில வாரச் சம்பளம் அந்தத் தொகை.

2015 இறுதியில் கிளப்பை வாங்கியவர் ஆண்டி ஹோல்ட். பிளாஸ்டிக் வீட்டுச் சாமான் தயாரிக்கும் உள்ளூர்த் தொழிலதிபர். மைதானத்துக்குத் தம் பொருளின் பெயரான 'வாம்' என்பதைச் சூட்டினார். கடன்களை அடைத்தார். வரவுசெலவைச் சமூக ஊடகத்தில் ரசிகர்களிடம் வெளிப்படையாகப் பேசினார். பல கிளப் முதலாளிகள் மூடி மறைக்கும் விஷயம் அது. ஆட்டம் ஜெயித்தால் பர்கர் சாப்பிடட்டும் என்று ஆட்டக்காரர்களுக்குக் காசு கொடுத்தார். அது அனுமதி பெறாத போனஸ் ஆகுமா என்று லீக் நிர்வாகம் விசாரித்தது. ஊர்ப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஸ்டான்லி சட்டையை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார். பர்ன்லி, பிளாக்பர்ன் சட்டைகளுக்கு நடுவே வளரும் குழந்தைகளைப் பிடிக்க வேண்டுமானால் ஏழு, எட்டு வயதிலேயே பிடித்தாக வேண்டும்.

2016-இல் கடைசி ஆட்டம் வரை மேலேறும் இடத்தில் இருந்த ஸ்டான்லி, ஸ்டீவனேஜோடு கோலின்றி டிரா செய்தது. வேறு மைதானத்தில் பிரிஸ்டல் ரோவர்ஸ் கூடுதல் நேரத்தில் ஒரு கோல் போட, கோல் வித்தியாசத்தில் வாய்ப்பு போனது. 2018 ஏப்ரல் 17 அன்று பில்லி கீ அடித்த இரண்டு கோல்களால் யோவில் அணியை வென்று, புதிய கிளப் முதன்முறையாக மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னுக்கு ஏறியது. 93 புள்ளிகளோடு சாம்பியனும் ஆனது. அந்த ஆண்டு சொந்த மைதானத்துக்குச் சராசரியாக வந்தவர்கள் 2,000-க்குச் சற்றுக் குறைவு.

அங்கே ஐந்து ஆண்டுகள் தாக்குப்பிடித்தது சாம்பியன் பட்டத்தைவிடப் பெரிய சாதனை. வழி எளிமையானது: யாரும் கண்டுகொள்ளாதவரை வாங்கி, ஆடவைத்து, விற்பது. 2019-இல் லீமிங்டன் என்ற சிறு கிளப்பிலிருந்து வந்த கோல்பி பிஷப் அதுவரை பள்ளியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஆடியவர். மூன்றாண்டு கோல் அடித்தபின் போர்ட்ஸ்மத்துக்குப் போனார். கெய்டன் ஜாக்சன் இப்ஸ்விச்சுக்கும் டியான் சார்ல்ஸ் போல்டனுக்கும் போனார்கள். இந்த வழியில் ஒரு சிக்கல் உண்டு. நல்லவரை விற்ற ஒவ்வொரு முறையும் அவருக்கு ஈடாக இன்னொருவரைக் கண்டெடுக்க வேண்டும். ஒரு பருவம் தவறினாலும் அணி சரியும். 2023-இல் சரிந்தது. 2024 மார்ச்சில் கோல்மன் நீக்கப்பட்டு, ஜான் டூலன் பொறுப்பேற்றார். இடையில் வேறு கிளப்புகளுக்குப் போயிருந்த சுமார் இரண்டரை ஆண்டுகளைக் கழித்தால், கோல்மன் சுமார் 22 ஆண்டுகள் அங்கேதான் இருந்தார்.

2025 ஜனவரி 11 அன்று எஃப்.ஏ. கோப்பையில் ஸ்டான்லி, பால் விளம்பரச் சிறுவர்களின் லிவர்பூலை அதன் ஆன்ஃபீல்டு மைதானத்திலேயே சந்தித்து 0-4 என்று தோற்றது. மற்றபடி அந்தப் பருவம் நான்காம் அடுக்கான லீக் டூவின் கீழ்ப்பகுதியில் இறங்காமல் தப்பித்ததோடு முடிந்தது.

அண்டை ஊர்களைப் பார்த்தால் தப்பித்ததே பெரிது என்று தோன்றும். எஃப்.ஏ. கோப்பையை 1900, 1903 ஆகிய ஆண்டுகளில் வென்ற புரி, ஒரு பவுண்டுக்குக் கைமாறிய சில மாதங்களில், 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. ஸ்டான்லிக்கு அடுத்த ஆண்டே லீக்குக்கு வந்த மோர்கம், 2025-இல் கீழே இறங்கியதோடு சம்பளம் கொடுக்க முடியாமல் இடைநீக்கமும் ஆகி, அந்த ஆகஸ்டில் புதியவர்கள் வாங்கிய பின்பே மூச்சு விட்டது. இரண்டிலும் கிளப்பின் கதி உரிமையாளர் ஒருவரின் கையில் இருந்தது.

இத்தகைய வீழ்ச்சிகளைப் பார்த்த பின்புதான் 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. முதல் ஐந்து அடுக்குகளின் கிளப்புகள் இனி சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பிடம் உரிமம் பெற வேண்டும்; கிளப்பை வாங்க வருபவரின் பணமும் பின்னணியும் முன்கூட்டியே சோதிக்கப்படும். பிரீமியர் லீக்கின் தொலைக்காட்சிப் பணத்தில் கீழ் அடுக்குகளுக்கு எவ்வளவு என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகாவிட்டால், தலையிடும் அதிகாரமும் அந்த அமைப்புக்கு உண்டு. ஸ்டான்லி போன்ற கிளப்புகளுக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது அந்தக் கடைசி அதிகாரம்தான். சட்டம் வந்தபோது அந்தப் பங்கீட்டுப் பேச்சு முடிவுக்கு வந்திருக்கவில்லை.