ஆள் தேடிய தீவு

கனடா வரைபடத்தில் பிரின்ஸ் எட்வர்ட் தீவைக் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆகும். பரப்பு சுமார் 5,660 சதுர கிலோமீட்டர். எங்கள் சேலம் மாவட்டத்தைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். ஆனாலும் தனி மாகாணம். தனிச் சட்டமன்றம், தனி முதல்வர். 2021 கணக்கெடுப்பில் மொத்த ஜனத்தொகை 1,54,331. தலைநகர் சார்லட்டவுனில், ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். இந்த வேலைக்கு ஏன் கடல் தாண்டி ஆள் தேடினார்கள் என்று விசாரித்தால், தீவின் பொருளாதாரமே புரிந்துவிடும்.

நான் பார்த்துக்கொள்ளும் பாட்டி ஒருவர். குளிப்பாட்டி, தலை துவட்டி, காதில் மெஷினை மாட்டிவிட்ட பிறகுதான் பேச்சைத் தொடங்குவார். இளவயதில் உருளைக்கிழங்குக் கிடங்கில் தரம் பிரித்தவர். பிறகு மீன் ஆலையில் சிங்கி இறாலின் ஓட்டை உடைத்துச் சதை எடுக்கும் வேலை. விரல்கள் இன்னும் நேராகவில்லை. மகன்கள் இருவரும் ஆல்பர்ட்டாவின் எண்ணெய் வயல்களுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். "உன் அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று ஒருநாள் கேட்டார். தம்பி மனைவி என்றேன். "ம்" என்றார். அடுத்த கேள்வி, உங்கள் ஊரில் உருளைக்கிழங்கு விளையுமா என்பது. ஊட்டியைப் பற்றிச் சொன்னேன், நம்பவில்லை.

பிள்ளைகள் வெளியேறுவது இங்கே பழைய கதை. 1891இல் 1,09,000 பேர் இருந்த தீவு, 1931இல் 88,000 ஆகச் சுருங்கியது. அந்தக் காலத்தில் பாஸ்டன், பிறகு டொராண்டோ, ஆல்பர்ட்டா. 1997இல் 12.9 கிலோமீட்டர் நீளப் பாலம் வந்து தீவைப் பெருநிலத்தோடு இணைத்தது. கனடாவின் உருளைக்கிழங்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தச் செம்மண்ணில் விளைகிறது. லாரிகளுக்குப் பாலம் வசதிதான். வேலைக்கு ஆள் மட்டும் கிடைக்கவில்லை. சிங்கி இறால் பிடிப்பு சில மாதங்கள்தான். சீசன் முடிந்தால் வேலையில்லாக் காப்பீட்டுப் பணத்தில் குளிர்காலத்தை ஓட்டுவது அந்தத் தலைமுறைக்குப் பழக்கம். இளசுகளுக்கு அது பிடிக்கவில்லை. ஆலைக்காரர்கள் மெக்சிகோ, பிலிப்பைன்ஸிலிருந்து தற்காலிகத் தொழிலாளர்களை வரவழைத்தார்கள்.

மாகாண அரசின் ஆயுதம், 2001இல் தொடங்கிய நியமனத் திட்டம். தனக்குத் தேவையானவரை மாகாணமே தேர்ந்தெடுத்து நிரந்தர வசிப்புரிமைக்குப் (பி.ஆர்.) பரிந்துரைக்கும். உடல்நலம், பின்னணி எல்லாம் சரிபார்த்து இறுதி முத்திரை குத்துவது மத்திய அரசு. முன்பு இதில் ஒரு தொழில்முனைவோர் பிரிவு இருந்தது. முன்பணம் கட்டு, கடை திற, ஓராண்டு நடத்து, பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள் என்பது ஏற்பாடு. பலர் கையில் பி.ஆர். கார்டு வந்ததும் முன்பணத்தை மறந்துவிட்டுப் பெருநகரங்களுக்குப் போய்விட்டார்கள். அரசுக்கு அதுவும் வருமானம்தான்! கெட்ட பெயர் முற்றி, 2018இல் அதை மூடினார்கள்.

வேலைக்கென்று வந்தவர்கள்தான் தீவை மாற்றினார்கள். 2016க்கும் 2021க்கும் இடையில் ஜனத்தொகை 8 சதவீதம் கூடியது. கனடாவின் மாகாணங்களிலேயே அதிக வேகம். நாடு முழுக்கக் கவலை முதுமையாக இருக்க, இந்தத் தீவுக்கு வயது குறைந்தது. கட்டுமானம் சூடுபிடித்தது. காபிக் கடை, பெட்ரோல் பங்க் எங்கும் பஞ்சாபியும் மலையாளமும் காதில் விழுந்தன.

ஆள் வந்த வேகத்தில் அறை வரவில்லை. 2018இல் சார்லட்டவுனில் காலியாக இருந்த வாடகை வீடுகள் 0.2 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு இரண்டு. பின்னர் தீவு முழுக்கத் தங்களுக்கென்று குடும்ப மருத்துவர் இல்லாமல் காத்திருப்பவர்கள் 30,000ஐத் தாண்டினார்கள். பழி புதிதாக வந்தவன் தலையில் விழுந்தது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. அழைத்தவர்கள் அல்லவா வீட்டை எண்ணியிருக்க வேண்டும்?

2024 பிப்ரவரியில் மாகாண அரசு நியமனங்களை 25 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. சுகாதாரம், குழந்தைப் பராமரிப்பு, கட்டுமானத் தொழில்களுக்கு முன்னுரிமை. கடை, உணவகத் தொழிலாளர்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். கோவிட் காலத்தில் கல்லாவில் நின்றவர்கள் அவர்கள்தானே. மே மாதம் சட்டமன்றத்தின் முன் கூடாரமடித்தார்கள். சிலர் உண்ணாவிரதமே இருந்தார்கள். என் வேலை முன்னுரிமைப் பட்டியலில் இருந்ததால் நான் தப்பித்தேன், திறமையால் அல்ல. 2025இல் மத்திய அரசு எல்லா மாகாணங்களின் பங்கையும் பாதியாக வெட்டியது. தொடக்கத்தில் இந்தத் தீவுக்குக் கிடைத்தது 795 இடம்.

எண்ணிக்கையைக் குறைப்பது அரசின் உரிமை. ஆனால் ஏற்கெனவே வந்து, வேலை பார்த்து, வரி கட்டிக்கொண்டிருப்பவர்களைப் பழைய விதிப்படி பரிசீலித்துவிட்டுப் புதிய விதியைப் புதிதாக வருபவர்களுக்கு வைத்திருக்கலாம்.

சேலத்திலும் திருச்சியிலும் "சின்ன மாகாணம், சீக்கிரம் பி.ஆர்." என்று சொல்லும் ஏஜென்டுகள் இன்னும் இருக்கிறார்கள். பணம் கட்டுமுன், உங்கள் தொழில் இந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று மாகாண அரசின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். போன ஆண்டுப் பட்டியலை நம்பி வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள்.