'தேர்தல்' என்னும் சொல்

'எலெக்ட்' என்னும் ஆங்கிலச் சொல் இலத்தீன் வழி வந்தது. 'வெளியே பொறுக்கியெடுத்தல்' என்பதே அதன் வேர்ப்பொருள். அதற்கு நேராக நாம் வழங்கும் 'தேர்தல்' என்பதோ ஆராய்தல், தெளிதல் என்னும் பொருள்களையும் உடையது. 'தெரிதல்' இதன் இனச்சொல். திருக்குறளின் 51ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்' எனப் பெயர் பெற்றமை ஈண்டு நோக்கற்பாலது.

பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையைக் கூறுவன. ஆண்டுக் குலுக்கலே முடிவு செய்தது. எனினும், நிலம், அகவை, கல்வி முதலிய தகுதிகளை ஆராய்ந்த பின்னரே பெயர்கள் குடத்திலிடப்பட்டன.

நீலகிரிச் சோலூர்த் தேயிலைத் தோட்டங்களில் ஈரிலையும் ஒரு மொட்டும் கண்டு கொழுந்து கிள்ளுவர். கண் தேர்ந்த பின்னரே கை பறிக்கின்றது. ஆகவே, ஆராயாது இடும் வாக்கு வெறும் பொறுக்கலேயன்றித் தேர்தல் ஆகாது என்பது நம் துணிபு.