நிலவெப்பக் கிணறுகளும் அவற்றின் கணக்கும்

மார்கழி விடியலில் இறைத்த கிணற்று நீர் வெதுவெதுப்பாகவும், சித்திரை நண்பகலில் அந்நீரே தண்ணென்றும் இருத்தலை நாம் யாவரும் அறிவோம். உண்மையில் நீரின் வெம்மை பெரிதும் மாறுவதில்லை. மாறுவது நம் மேனியைச் சூழ்ந்த காற்றே. மேனிலத்துக் கோடையும் குளிரும் மண்ணினுட் செல்லச் செல்லத் தேய்ந்து, பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய மறைந்தொழிகின்றன. ஸ்காத்லாந்து தேயத்து ஃபார்பஸ் என்னும் அறிஞர் 1837-ஆம் ஆண்டில் எடின்பரோ நகரத்துக் கால்டன் குன்றின் பாறையில், 24 பிரெஞ்சு அடி ஆழம் வரையிற் பல உஷ்ணமானிகளைப் புதைத்து இதனை அளந்து வந்தார். அவ்வளவைகளைப் பின்னர் ஆராய்ந்து பாறையின் வெப்பங் கடத்துந் திறனைக் கணித்தவர், கெல்வின் பிரபு எனப் பிற்காலத்திற் புகழ்பெற்ற வில்லியம் தாம்ஸன் ஆவர்.

என்றும் ஒருபடித்தாய் நிற்கும் இந்நிலவெம்மையைக் குளிர்நாட்டார் வீடுகளைச் சூடேற்றப் பயன்படுத்துகின்றனர். சுவீடன், சுவிட்ஸர்லாந்து முதலிய நாடுகளில், ஒரு சாண் அகலமும் இல்லாத துளையொன்றை நூறு, இருநூறு மீட்டர் ஆழத்திற்கு இறக்கி, கொண்டையூசிபோல் அடியில் வளைந்த பாலித்தீன் குழாயை அதனுட் செலுத்துவர். குழாயில் ஓடும் திரவம் பாறையினுங் குளிர்ந்து கீழிறங்கி, அதன் வெப்பத்தைச் சிறிது கவர்ந்து மேலேறும். குளிர்ப்பெட்டியின் தத்துவத்தாலேயே இயங்கும் வெப்பப் பம்பு ஒன்று அச்சிறு வெப்பத்தை உயர்த்தி வீட்டினுள் விடும். கோடையில் இதனை மறுதலையாக ஓட்டி, வீட்டு வெப்பத்தை நிலத்திற் சேர்த்தலும் உண்டு.

இனி, எத்தனை மீட்டர் துளைத்தல் வேண்டும் என்பதே வினா. மிகுதியாய்த் துளைப்பின் பொருள் வீணாம். குறைவாய்த் துளைப்பினோ, தீங்கு உடனே தோன்றுவதில்லை. முதற் குளிர்காலம் இனிது கழியும், இரண்டாவதும் கழியும். ஆண்டுகள் பல சென்ற பின்னரே நிலம் சில்லிட்டுப்போனமை புலப்படும். அப்பொழுது வருந்துதல் கண்கெட்ட பின் சூரிய வணக்கம் செய்தலை ஒக்கும். புதைத்த குழாயை எடுத்து நீட்ட முடியாதன்றோ? ஆதலின் துளைக்கு முன்னரே கணக்கு வேண்டப்படுகின்றது.

அக்கணக்கின் மூலமும் கெல்வினுடையதே. துளையை அகலமற்றதும் முடிவற்றதுமான ஒரு கோடாகக் கொண்டு, அக்கோடு நெடுகிலும் வெப்பம் ஒரே அளவிற் பாய்வதாகக் கருதுவது அது. இதனை மண்ணிற் புதைத்த வெப்பப் பம்புக் குழாய்களுக்கு இங்கர்ஸால், பிளாஸ் என்னும் அமெரிக்கர் இருவர் 1948-இற் பொருத்திக் காட்டினர். யாம் இலக்கிய மாணவராகலின் சமன்பாட்டை ஈண்டு எழுதத் துணிந்தோமில்லை. ஆயினும் அதன் கருத்து மிக எளிது. கருங்கற் பாறையில் மீட்டர் ஒன்றுக்கு 50 வாட் வீதம் இடையறாது வெப்பத்தை எடுப்பதாகக் கொள்வோம். பத்தாம் மணியினின்று நூறாம் மணி வரையில் துளையருகே குளிர்ச்சி 3 பாகையளவு மிகும். அடுத்த 3 பாகை மிகுவதற்கு ஆயிரம் மணி ஆகவேண்டும், அதற்கடுத்ததற்குப் பதினாயிரம். மடக்கைக் கணக்கு என்பது இதுவே.

துளையினுள்ளும் ஓர் இழப்பு உண்டு. குழாய்ச் சுவரும், துளையை நிரப்பிய களிமண் கலவையும் வெப்பத்தைத் தடுக்கின்றன. இறங்கு குழாயும் ஏறு குழாயும் நெருங்கி நிற்றலால் ஒன்றன் வெப்பம் மற்றதிற் கசிகின்றது. ஒரு சாணுக்குள் 5 பாகை வரையில் இவ்வாறு இழக்கப்படுதல் வியப்பே! உலர்ந்த மணலினுங் கருங்கல் ஐந்து மடங்கிற்கு மேலாக வெப்பத்தைக் கடத்துமாதலின், பாறையின் இயல்பை நூலிற் பார்த்து எழுதிவிடுதலும் போதாது. 1983-இல் மொகென்சன் என்பார் இதற்கு நல்வழி கண்டார். துளையொன்றை முதலில் இறக்கி, அதில் இரண்டு மூன்று நாள் ஒரே அளவாக வெப்பத்தை ஏற்றியோ இறக்கியோ, திரவத்தின் வெம்மையைக் காலத்தின் மடக்கையோடு வரைந்து பார்ப்பின், கோட்டின் சரிவு பாறையின் கடத்துதிறனையும், கோடு நிற்கும் உயரம் துளையின் தடையையும் காட்டும்.

எனினும் முடிவற்ற துளை உலகில் இல்லை. 1987-இற் சுவீடன் நாட்டு லுண்டு பல்கலைக்கழகத்தில் எஸ்கில்சன் என்பார், துளைக்கு அடியும் முடியும் உண்டென்பதையும், மேனிலம் வெப்பம் ஈந்துதவும் என்பதையும், அண்டைத் துளைகள் ஒன்றன் பங்கை மற்றது கவரும் என்பதையும் கணக்கிற் சேர்த்தார். அவர் காட்டிய அளவுப்படி, கருங்கற் பாறையில் 100 மீட்டர்த் துளையொன்று நிலைபெற இருபதாண்டுக்கு மேலாகும். 200 மீட்டராயின் அதனினும் நான்கு மடங்கு. தனித்துளை ஒருவாறு பிழைக்கும். ஐந்தாறு மீட்டர் இடைவெளியில் நூற்றுக்கணக்கான துளைகள் நெருங்கிய விடத்தோ, நடுவிலுள்ளவற்றிற்கு வெப்பம் வரும் வழியே அடைபடும். எடுத்ததைக் கோடையில் திருப்பி வையாவிடின் அந்நிலம் ஆண்டுதோறுங் குளிரும். குளிர்காலம் அறியாத நம் நாட்டில் இம்முறையை மேற்கொள்ளின் கணக்கு தலைகீழாகும். முன்னரே வெம்மை மிக்க மண்ணில் வெப்பத்தைச் சேர்த்தலன்றி எடுத்தல் இராது.

கணக்கு மெய்யோடு ஒத்ததா என அறிய விரும்புவார்க்குச் சுவிட்ஸர்லாந்தின் எல்க் என்னும் ஊர் தக்க சான்று. ஆங்கு 105 மீட்டர்த் தனித்துளை ஒன்றன் அருகே, அரை மீட்டரிலும் ஒரு மீட்டரிலும் பல ஆழங்களில் உணர்கருவிகளைப் புதைத்து, 1986 முதல் அளந்தனர். முதற் சில ஆண்டுகளிற் பாறை ஒன்றிரண்டு பாகை குளிர்ந்தது. பின்னர்க் குளிர்தல் தளர்ந்து நிலைபெறலாயிற்று. கணித மாதிரியும் அவ்வாறே கூறிற்று. அம்மாதிரியைக் கொண்டு ரைபாக், ஆய்க்ஸ்டர் என்னும் அறிஞர் மேலும் ஒன்று கணித்தனர். முப்பதாண்டு வெப்பம் எடுத்தபின் பம்பை நிறுத்திவிடின், பாறை முதலில் விரைந்தும் பின்னர் மிக மெல்லவும் தன் பழைய வெம்மையை நாடும். ஏறக்குறைய அதனை எய்த மற்றுமொரு முப்பதாண்டு செல்லும்.