படலையும் கதவும் மாட்டுக்கொட்டிலும்: உப்புக்காற்றுக்கு ஏற்றபடி

1991 ஒக்டோபரில் புங்குடுதீவை விட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் கதவைப் பூட்டி, படலையைச் சாத்திவிட்டே போயின. பல ஆண்டுகள் கழித்துக் காணியைப் பார்க்கப் போனவர்களில் பலருக்குக் கதவும் இல்லை, நிலையும் இல்லை. மதில் மட்டும் நின்றது. மீளக் குடியேற எண்ணும் குடும்பங்கள், எதை முதலில் செய்வது என்று எம்மிடம் கேட்பதுண்டு. வீட்டுக் கதவுக்கு முன் வளவுப் படலையைப் போடுங்கள் என்பதே எமது எண்ணம். கட்டாக்காலி மாடுகள் திரியும் ஊரில் படலையில்லாத வளவில் வைத்த தென்னங்கன்று ஒரு கிழமைக்கும் நிற்காது.

அந்நாளில் எம்மவர் சங்கடப் படலை வைத்தார்கள். மேலே சிறு கூரை, வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்க நிழல். அந்தக் கூரை மனிதருக்கு மட்டும் உதவவில்லை, படலை மரத்தையும் மழையிலிருந்து காத்தது. இன்று பட்டறையில் சொல்லிச் செய்விக்கும் இரும்புக் கேற்றுக்கு அந்தக் குடை இல்லை. நான்கு புறமும் கடல். சோளகம் வீசும் மாதங்களில் காற்றோடு வரும் உப்பு இரும்பில் படிந்து, இரவுப் பனியில் நனைந்து துருவைத் தூண்டும். யாழ்ப்பாண நகரில் நெடுநாள் நிற்கும் கேற் இங்கே அவ்வளவு நாள் நிற்காது.

ஆகவே பட்டறைக்காரரிடம் சிலவற்றைக் கேட்டுச் செய்விக்க வேண்டும். கல்வனைஸ் பைப்பை ஒட்டும்போது, ஒட்டிய இடத்தில் நாகப் பூச்சு எரிந்து போய்விடும். துரு அங்கேதான் தொடங்கும். ஒட்டிய இடங்களைச் சுரண்டித் துப்புரவாக்கி, நாகம் கலந்த பூச்சு இரு தடவை பூசச் சொல்லுங்கள். (அந்தப் புகை காய்ச்சலைத் தரும், ஒட்டுவேலை வெளியில், காற்றோட்டத்தில் நடக்கட்டும்.) பைப்பின் வாய்களை அடைக்க வேண்டும். திறந்த வாய்க்குள் ஈரம் புகுந்தால் பைப் உள்ளிருந்து அரிக்கும், வெளியே தெரியாது. எமக்கு மூலை இரும்பே பிடித்தம்: பார்க்க அழகு குறைவு, ஆனால் துரு கண்ணுக்குத் தெரியும், தூரிகையும் எட்டும்.

பிணைச்சலில் ஒரு சங்கதி உண்டு. இரண்டு முளைகளும் மேல்நோக்கி நின்றால், மாடு கொம்பைக் கொடுத்துப் படலையைத் தூக்கிக் கழற்றிவிடும். மேல் முளையைக் கீழ்நோக்கித் திருப்பி வைத்தால் அது நடவாது. கொளுக்கியையும் நாக்கால் தட்டித் திறக்கப் பழகிய மாடுகள் உண்டு, சங்கிலியே நல்லது.

மரப் படலை செய்விப்போர் குறுக்குச் சட்டத்தைக் கவனியுங்கள். அது பிணைச்சல் பக்கத்தின் கீழ் மூலையில் தொடங்கி, பூட்டும் பக்கத்தின் மேல் மூலைக்கு ஏற வேண்டும். அப்போது படலையின் பாரம் சட்டத்தை அழுத்தி, கீழ்ப் பிணைச்சலில் இறங்கும். மாறி வைத்தால் பாரம் சட்டத்தை இழுக்கும். ஆணிகள் தளர்ந்து, ஓரிரு மாரியில் படலை தரையில் உரசும். மரத்துக்கு முற்றிய பனையின் வைரம் போல வேறில்லை. போரில் பதுங்குகுழிகளுக்குப் போன பனைகள் போக மிச்சத்தைக் கண்டபடி தறிக்காதீர்கள். அனுமதி பெற்றே தறிக்க வேண்டும்.

கொட்டிலுக்கு வருவோம். ஊர்ப் பசு ஒன்றுக்கு நாலடி அகலம், ஐந்தரை அடி நீளம் போதும். தரை சலம் வடியும் பக்கமாக நாலைந்து அடிக்கு ஓரங்குலம் சரியட்டும். மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கட்டும், வழுக்கி விழுந்த பசு எழும்பாமலே போனதுண்டு. கம்பிகளுக்கிடையில் கன்றின் தலை போய்த் திரும்ப முடியாத இடைவெளி விடாதீர்கள். கட்டும் வளையத்தின் முனை உடலில் கிழிக்காதபடி அரத்தால் தேய்க்கச் சொல்லுங்கள்.

பலர் அறியாத ஆபத்து பூச்சில் இருக்கிறது. பழைய வீட்டுக் கதவுகளையும் யன்னல்களையும் கொட்டிலில் பொருத்துவது சிக்கனந்தான். ஆனால் பழைய பூச்சுகள் பலவற்றில் ஈயம் உண்டு. இரும்புக்கு முதற்பூச்சாகப் பூசிய செந்நிற ஈயப் பூச்சு அதைவிட மோசம். கன்றுகள் எதையும் நக்கும். ஈயம் வயிற்றில் சேர்ந்தால் கண் தெரியாமல் சுவரில் முட்டும், பல்லைக் கடிக்கும், வலிப்பு வந்து சாகும்; கடன் பட்டு வாங்கிய கன்று ஓரிரு நாளிற் போய்விடும். கழிவு எஞ்சின் ஒயிலை மரத்தில் பூசுவதும் பழைய பற்றரியைக் கொட்டிலில் போடுவதும் இதே கேடு. நாக்கு எட்டும் உயரம் வரை வெறும் மரமாக விடுங்கள். பழைய பூச்சைச் சுரண்டுவதானால் கொட்டிலுக்கும் கிணற்றுக்கும் தூரத்தில், நனைத்துச் சுரண்டி, தூளைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள். பிள்ளைகளை அண்ட விடாதீர்கள்.

அளவு எடுக்கும்போது பழைய கல் மதிலை நம்பாதீர்கள். மேலே, நடுவே, கீழே என்று மூன்றிடத்தில் அளந்து, மிகக் குறைந்த அளவைப் பட்டறையில் கொடுங்கள். லாண்ட்மாஸ்டர் போக வேண்டிய வாசலுக்குப் பத்தடி வேண்டும். அதை இரட்டைக் கதவாகச் செய்விப்பதே நல்லது. புங்குடுதீவுக்குத் தாம்போதியால் லொறி வரும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகும் கேற் குறிகட்டுவானில் இறங்கி வள்ளம் ஏற வேண்டும்; அங்கே இரண்டு பேர் தூக்கக்கூடிய துண்டுகளாக, போல்ட் போட்டுப் பூட்டும்படி செய்விப்பவர்களுக்கே ஏற்றுகூலியும் குறையும்.