கழனிக்கு அடியில் எரிவாயுக் குழாய்: விவசாயிகள் அறிய வேண்டியவை

"குழாய் போகிற நிலத்தில் சவுக்கு வைக்கலாமா, ஐயா?" ஒரகடம் பக்கத்து விவசாயி ஒருவர் பயிற்சி முகாமில் என்னைக் கேட்டார். வைக்கக்கூடாது என்றேன். "மனையாவது போடலாமா?" அதுவும் கூடாது. "அப்படியானால் என்ன கொடுத்தார்கள், என்ன எடுத்துக்கொண்டார்கள்?" இக்கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எண்ணூர் முனையத்திலிருந்து தூத்துக்குடி, பெங்களூரு வரை இயற்கை எரிவாயுக் குழாய்த் திட்டம் உள்ளது. சென்னையிலிருந்து திருச்சி, மதுரைக்கும் பெங்களூருவுக்கும் பெட்ரோல், டீசல் குழாய்கள் செல்கின்றன. இவற்றிற்காக நிலத்தை அரசு கிரயம் வாங்குவதில்லை. 1962 ஆம் ஆண்டின் பெட்ரோலியம், கனிமக் குழாய்கள் சட்டப்படி, குழாய் பதிக்கும் உபயோக உரிமை மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகிறது. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும், சாகுபடியும் செய்யலாம். ஆனால் அந்தப் பட்டைக்குள் கட்டடம், கிணறு, குட்டை, மரம் ஆகியவை கூடா. மாறாகக் கிடைப்பது பயிர், மரச் சேதத்திற்கான ஈடும், அறிவிப்புத் தேதியன்று நிலத்திற்கு உள்ள சந்தை மதிப்பில் 10 சதவீதமும் ஆகும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பட்டை 20 மீட்டர் அகலம், உங்கள் கழனியில் அது 60 மீட்டர் நீளம் போகிறது என்று வைத்துக்கொண்டால் சுமார் 30 சென்ட் ஆகிறது. சென்ட் ஒரு லட்சம் என்று பேச்சுக்கு வைத்தால் மதிப்பு 30 லட்சம். கைக்கு வருவது 3 லட்சம். நெல்லும் வேர்க்கடலையும் மட்டுமே விளையும் ஊரில் இது ஓரளவு சமாதானமாகலாம். இருங்காட்டுக்கோட்டையில் 1998 இலும் ஒரகடத்தில் 2010 இலும் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு, இப்பகுதி நிலத்தின் விலை விளைச்சலைக் கொண்டா பேசப்படுகிறது? மனைக்கு ஆகாத 30 சென்ட்டை யார் என்ன விலைக்குக் கேட்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்து, பாதுகாப்பு பற்றியது. எரிவாயுக் குழாயின் கனம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. குழாயின் இரு பக்கமும் 200 மீட்டர், நீளவாக்கில் 1.6 கிலோமீட்டர் எடுத்து, அதற்குள் எத்தனை வீடுகள் என்று எண்ணுகிறார்கள். பத்துக்குள் இருந்தால், இரும்பின் தாங்குதிறனில் நூற்றுக்கு 72 பங்கு வரை அழுத்தம் தரலாம். 46 வீடும் அதற்கு மேலும் இருந்தால் 50 பங்குதான். அதே அழுத்தத்தில் வாயு போக வேண்டுமானால் குழாயின் கனம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காக வேண்டும். வாயுவை அடைக்கும் வால்வுகளும் நெருங்கி அமைய வேண்டும். இரும்புக்குப் பணம் ஆகிறது. ஆகவே ஆள் குறைந்த இடத்தில் மெல்லிய குழாய். செலவையும் ஆபத்தையும் இப்படித்தான் தராசில் வைக்கிறார்கள். இதைத் தவறென்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். நாடெங்கும் கனத்த குழாய் பதித்தால் வாயுவின் விலை எங்கே போய் நிற்கும்? ஆயினும், குழாய் பதித்த நாளில் கழனியாக இருந்த இடம் பத்து வருஷத்தில் மனைப்பிரிவாகிவிட்டால், எண்ணிக்கையை மீண்டும் எடுத்து அழுத்தத்தைக் குறைக்கவோ குழாயை மாற்றவோ வேண்டும். நம் பகுதியில் நடப்பது இந்த மாற்றமேயாகும். பக்கத்தில் புதிதாக மனை எழும்பினால் குழாய் நிறுவனத்திற்கு எழுத்து மூலம் தெரிவிப்பது நல்லது.

கொங்கு விவசாயிகள் கெயில் நிறுவனத்தின் கொச்சி–பெங்களூரு குழாயை எதிர்த்தது நினைவிருக்கலாம். கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களில், விளைநிலத்தை விட்டு நெடுஞ்சாலையோரம் கொண்டு செல்லுமாறு 2013 இல் மாநில அரசு கூறியது. உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் மாநிலத்தின் மேல்முறையீட்டைத் தள்ளியது. ஆகவே தடம் முடிவாகும் முன் பேசுவதே பலன் தரும். அறிவிப்பு வந்த 21 நாட்களுக்குள் தகுதிபெற்ற அதிகாரியிடம் எழுத்தில் ஆட்சேபம் தர வேண்டும். குடியிருப்பு, நிலையான கட்டடம், வீட்டை ஒட்டிய இடம் இவற்றின் கீழ் குழாய் பதிக்கச் சட்டம் இடந்தரவில்லை. ஈட்டுத்தொகை போதாதென்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம்.

செலவைப் பார்த்துப் பராமரிப்பைத் தள்ளிப்போட்டால் என்ன நேரும் என்பதற்கு ஆந்திராவின் கோதாவரிப் பகுதியில் 'நகரம்' என்ற கிராமம் சாட்சி. 2014 ஜூன் 27 அதிகாலையில் அங்கே கெயில் குழாய் வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தனர்; தென்னைகள் கருகின. நீர் கலந்த வாயு சென்றதால் குழாய் உள்ளிருந்து அரித்திருந்தது.

வெளியிலிருந்து வரும் ஆபத்து பெரும்பாலும் மண்வெட்டும் இயந்திரத்தால்தான். குழாய் குறைந்தது ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. நாட்டுக் கலப்பையோ டிராக்டர் கலப்பையோ அவ்வளவு ஆழம் போகாது. ஆனால் செங்கல் சூளைக்கும் சவுடுக்கும் மேல்மண்ணை விற்றுவிட்டால் அந்த ஒரு மீட்டர் அரை மீட்டராகிவிடும். அந்தப் பட்டையில் மண் எடுக்க விடாதீர்கள். ஜே.சி.பி. பல் குழாயில் பட்டு, வாயு கசியாவிட்டாலும் மறைக்க வேண்டாம். மேற்பூச்சு உரிந்த இடத்தில் துரு பிடித்துப் பல வருஷம் கழித்து ஓட்டை விழும். அடையாளக் கல்லில் உள்ள எண்ணுக்கு அன்றே சொல்லிவிடுங்கள்.

நெடுந்தூரக் குழாய்களின் வாயுவில் நாற்றம் சேர்க்காமலும் இருக்கலாம், மூக்கை நம்ப வேண்டாம். நெல் வயலில் தேங்கிய தண்ணீர் காரணமின்றிக் குமிழியிடுவது, சீறல் சத்தம், குழாய்ப் பட்டையில் மட்டும் பயிர் திட்டாக மஞ்சளாவது ஆகியவை கசிவின் அறிகுறிகள். மண்ணிலுள்ள காற்றை வாயு வெளியேற்றுவதால் வேர் மூச்சுத் திணறுகிறது. தழைச்சத்துக் குறைவென்று யூரியா போட்டுக்கொண்டிராமல் பாருங்கள். சந்தேகம் வந்தால் பீடி, தீப்பெட்டி வேண்டாம். பம்புசெட்டைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி எழும். டிராக்டரை அங்கேயே விட்டுக் காற்று வரும் திசையை நோக்கி நடந்து தூரம் போய், பிறகு தொலைபேசியில் சொல்லுங்கள்.

புதிதாகக் குழாய் பதிக்கப் போகும் நிலமானால், மேல்மண்ணைத் தனியே குவித்து, மூடும்போது மேலேயே போடச் சொல்லிக் கேளுங்கள். அடிமண் மேலே வந்துவிட்டால் இரண்டு மூன்று போகம் விளைச்சல் தேறாது. அப்படி ஆகிவிட்டிருந்தால் ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் இட்டு, தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். பிறகு கேழ்வரகு, உளுந்து, வேர்க்கடலை எதுவும் வரும். மண் பரிசோதனைக்குத் திரூர் அல்லது காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். குழாய்ப் பட்டையின் மண்ணையும் மற்ற இடத்து மண்ணையும் தனித்தனிப் பையில் கொண்டுபோகவும்.