ஏசி காரிலிருந்து இறங்கியதும் வேர்க்கும் கேமரா

மழைத்தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். காற்றில் கலந்திருக்கும் நீராவி தெரியாது. செல்போன், கேமரா, மடிக்கணினி ஆகியவற்றுக்கு அதுதான் சத்தமில்லாத எதிரி. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும்; 20 டிகிரியில் 17 கிராம்தான். காற்று குளிரும்போது மிஞ்சுகிற நீராவி பக்கத்திலுள்ள பரப்பின்மீது துளித்துளியாகப் படியும். அப்படிப் படியத் தொடங்கும் வெப்பநிலையே பனிநிலை.

வடகிழக்குப் பருவமழை நாளொன்றில் ஜவ்வாது மலை அடிவாரத்துச் செங்கத்தில் வெப்பம் 28 டிகிரி, ஈரப்பதம் 85 விழுக்காடு என்று கொள்வோம். பனிநிலை 25 டிகிரிக்குச் சற்று மேலே நிற்கும். ஏசி காரில் 22 டிகிரியில் கிடந்த கேமராவை வெளியே எடுத்தவுடன் லென்ஸ் மங்கிப்போவது இதனால்தான். துடைத்துப் பயனில்லை, கண்ணாடி சூடேறும்வரை மறுபடி மறுபடி படியும். பையைத் திறக்காமல் அரைமணி நேரம் விட்டுவைத்தால் போதும். கருவி வெளி வெப்பத்துக்கு வந்துவிடும்.

ஜவ்வாது மலை ஏறும்போது கதை தலைகீழ். அடிவாரத்தின் வெதுவெதுப்பான ஈரக்காற்று கருவிக்குள்ளேயே அடைபட்டுக் கூட வருகிறது. மலையில் இரவுக் குளிர் இறங்கியதும் அந்த ஈரம் லென்ஸின் உட்புறத்தில் படியலாம். அங்கே துணி எட்டாது.

வெறும் நீர் அவ்வளவு கேடு செய்வதில்லை. கையின் வியர்வை உப்பும் தூசியும் அதில் கரைந்தால் மின்சாரம் கடத்தும். சுற்றுப்பலகையில் மின்னழுத்தம் இருக்கும் இரு தடங்களுக்கு நடுவே அப்படியொரு படலம் அமைந்தால் உலோக அணுக்கள் கரைந்து நகர்ந்து, மெல்லிய வேர்போல வளர்ந்து இரண்டையும் இணைத்துவிடும். சார்ஜர் துளையில் பச்சை பூப்பது செம்பு அரிக்கப்படுவதன் அடையாளம். கேமராக்காரர்களின் கவலை வேறு: ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். 40 முதல் 50 விழுக்காடு பத்திரமானது.

இதே மலையின் காவலூரில், சுமார் 725 மீட்டர் உயரத்தில், இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 சனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. மங்கலான விண்மீன்களைப் படம்பிடிக்கும் சிசிடி உணரிகளை, மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைக் கொண்டு குளிர்விப்பது வழக்கம். திறந்த காற்றில் அப்படிக் குளிர்வித்தால் உணரிமீது உறைபனி மூடிவிடும். எனவே காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்த குடுவைக்குள் அதை வைக்கிறார்கள். ஈரக்காற்று உள்ளே வராதபடி பார்த்துக்கொள்வதே உத்தி. பயணிகளுக்கும் அதுவே வழி.

வெற்றிடக் குடுவைக்குப் பதில் காற்றுப்புகாத டப்பா, அதனுள் சிலிக்கா ஜெல். அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை ஈரம் உறிஞ்சும். நிறம் மாறும் வகையை வாங்குவது நல்லது. மாறியதும் 120 டிகிரி அளவில் சூடாக்கிக் காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாம். அடிக்கடி திறக்கும் டப்பாவில் அது வீண்.

நனைந்த போனை அரிசிக்குள் புதைப்பது இன்னும் பலர் வீட்டு வைத்தியம். அரிசியிலேயே ஈரம் உண்டு. அதன் மாவுத்துகள் துளைகளை அடைக்கும். ஆப்பிள் நிறுவனமே 2024இல் இதைச் செய்யாதீர்கள் என்றது. நனைந்த போனை அணைத்து, துளை கீழ்நோக்க இலேசாகத் தட்டி, மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். நன்றாக உலரும்வரை சார்ஜர் செருகக் கூடாது.

ஐபி67 என்ற முத்திரையை நம்பி அசட்டையாக இருக்கவும் முடியாது. அது ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரைமணி நேரம் தாங்குவதைக் குறிக்கும் ஆய்வகச் சோதனை. போன் பழசாக ஆகக் காப்புப் பசை தளரும். பல போன்களில் சிம் துளைக்குள் ஈரம் பட்டால் சிவக்கும் சிறு வில்லை ஒட்டியிருக்கும். அது சிவந்திருந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் வாரண்டியில் பழுதுபார்ப்பதில்லை.